உப்புக் காற்றில் ஒரு நீலத்திரை

தூத்துக்குடி அருகே, முள்ளக்காட்டைத் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலையில் ஓர் எடைமேடை உண்டு. உப்பு ஏற்றிய லாரி மேடைமேல் ஏறி நிற்கும். பக்கத்து அறையில் இருக்கும் கணினி எடையை வாங்கி ரசீது அடித்துத் தள்ளும். ஒருநாள் காலை அந்த ரசீதில் தேதி 1-1-2010 என்று விழுந்தது. லாரி டிரைவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணாச்சி, அன்னைக்கி நான் எட்டாப்பு படிச்சிட்டு இருந்தேன்."

எடைமேடைக்காரர் விவரமானவர். தேதி மாறினால் கணினிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். வாட்ச் கடையில் ஒன்று வாங்கி, பெட்டியைத் திறந்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். கணினியைப் போட்டதும் விண்டோஸ் எக்ஸ்பியின் அடையாளம் ஒரு நொடி மின்னியது. அடுத்த கணம் திரை முழுவதும் நீலம், அதில் வெள்ளை எழுத்துகள். திரும்பப் போட்டார். திரும்பவும் நீலம்.

கணினி பழுதுபார்க்கும் நண்பரோடு நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது எட்டு லாரிகள் வரிசையில் நின்றன. "காலைல வரைக்கும் ஓடுச்சு அண்ணாச்சி, நான் ஒண்ணும் பண்ணல" என்றார் எடைமேடைக்காரர். பேட்டரி மாற்றியதை 'ஒண்ணும் பண்ணல' கணக்கில் சேர்த்துவிட்டார். (பழுதுபார்க்கிறவர்கள் தினமும் கேட்கும் வாக்கியம் இது. பொய்யென்று சொல்ல முடியாது. செய்தவருக்கு அது ஒரு செயலாகவே தோன்றுவதில்லை.) நண்பரோடு வந்திருந்த தம்பி திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்: "விண்டோஸ் போச்சு. புதுசா போட்டுருவோம்."

அந்த ஒரு நாளில் நடந்தவற்றை வைத்தே பழைய இயங்குதளத்தை நிறுவுவதில் வரும் சிக்கல்களில் பாதியைச் சொல்லிவிடலாம்.

எதற்காக இன்னும் எக்ஸ்பி என்று கேட்பீர்கள். 2001 அக்டோபர் 25 அன்று வெளிவந்து, 2014 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாஃப்ட் கைவிட்ட இயங்குதளம் அது. ஆனால் எடைமேடையின் மென்பொருளை எழுதியவர் தொழிலை விட்டே போய்விட்டார். அதன் ஒரு பகுதி 16 பிட் காலத்தது. 64 பிட் விண்டோஸில் அத்தகைய நிரல்கள் ஓடவே ஓடாது. எடை காட்டும் கருவி சீரியல் போர்ட் வழியாகப் பேசுகிறது. மேடை இரும்பு, தூண் கான்கிரீட், இரண்டும் இன்னும் இருபது வருடம் தாங்கும். கணினிக்காக மேடையை மாற்றுவார்களா? துறைமுகம் சார்ந்த ஊர்களில் இப்படிப் பழைய மென்பொருளைக் கட்டிக்கொண்டு உழைக்கும் பெட்டிகள் எடைமேடை, கிட்டங்கி, கப்பல் ஏஜென்ட் அலுவலகம் என்று பல இடங்களில் இருக்கின்றன.

இனி நீலத்திரைக்கு வருவோம். அதில் நீளமான எண் ஒன்று இருந்தது. முன்னால் வரும் சுழிகளை விட்டுவிட்டால் 7பி. துவக்க வேண்டிய வட்டை அணுக முடியவில்லை என்பது அதன் பொருள்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக் கரையில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். கல்லைக் கட்டிக்கொண்டு எட்டு, பத்துப் பாகம் ஆழத்தில் சிப்பிகள் கிடக்கும் பாருக்கு ஒருவர் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழேயிருந்து கயிறு அசைந்தால் மேலே இழுக்க வேண்டும். கூடை நிறைந்ததா, மூச்சு முட்டியதா, சுறாவைக் கண்டாரா, எதையும் கயிறு சொல்லாது. நீலத்திரை எண்ணும் கயிற்றின் அசைவுதான். 'வட்டை அணுக முடியவில்லை' என்றால் வட்டு செத்துப்போயிருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம், வட்டோடு பேசும் மொழி மாறியிருக்கலாம். தம்பி கேபிளை அழுத்திப் பார்த்தான். பிறகு பழைய வட்டைக் கழற்றிப் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிட்டு, கொண்டுவந்திருந்த 500 ஜிபி புது வட்டை மாட்டினான். பழைய வட்டின்மேல் கைவைக்காமல் புதியதில் போட்டான் பாருங்கள், அன்றைக்கு நடந்த நல்ல காரியங்களில் அது முதலாவது. பலர் இந்த இடத்தில் பழைய வட்டையே ஃபார்மேட் அடித்துவிட்டு அப்புறம் யோசிப்பார்கள்.

எக்ஸ்பி சிடியைப் போட்டதும் நிறுவும் நிரல் ஓடத் தொடங்கியது. கோப்புகள் ஒவ்வொன்றாக ஏறின. 'விண்டோஸ் தொடங்குகிறது' என்று கீழே ஒரு வரி வந்தது. உடனே அதே நீலம், அதே 7பி. புது வட்டிலும் அதே பிழை.

இது ஏன் என்று புரிய, துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் வெளியேறுவதைப் பார்க்க வேண்டும். தளத்திலிருந்து கப்பலைக் கிளப்பி, அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே கால்வாய் வழியாக நடத்திக்கொண்டுபோய் வெளிக்கடலில் விடுபவர் துறைமுகத்தின் பைலட். அங்கே கயிற்றேணி வழியாக அவர் இறங்கித் தன் படகில் திரும்பிவிடுவார். அதற்குப் பிறகு வழிகண்டு போவது கேப்டனின் பொறுப்பு. அவர் கையில் இருக்கும் கடல் வரைபடத்தின் பொறுப்பு.

கணினியில் அந்தப் பைலட்டுக்கு பயாஸ் என்று பெயர். மதர்போர்டிலேயே ஒரு சில்லில் எழுதிவைத்த சிறு நிரல் அது. மின்சாரம் வந்ததும் விழித்து, நினைவகத்தை எண்ணி, சிடியையோ வட்டையோ தொட்டு, இயங்குதளத்தின் முதல் துண்டுகளை ஏற்றிவிடும். அதுவரை வட்டோடு பேசுவது பயாஸ்தான். இயங்குதளத்தின் கரு விழித்ததும் பயாஸ் இறங்கிக்கொள்ளும். இனி இயங்குதளம் தன் சொந்த டிரைவர் நிரலைக்கொண்டு வட்டோடு பேச வேண்டும். எக்ஸ்பி தெரிந்துவைத்திருந்தது ஐடிஇ என்ற பழைய பேச்சுமுறையை. சாட்டா வட்டுகளுக்கான ஏஹெச்சிஐ என்ற முறை வகுக்கப்பட்டது 2004இல். 2001இல் அச்சான வரைபடத்தில் 2004இல் வெட்டிய கால்வாய் எப்படி இருக்கும்? பைலட் இறங்கிய மறுகணம் கேப்டனுக்குக் கடலே தெரியவில்லை. அந்த இருட்டுதான் 7பி.

இதற்கு அந்தக் காலத்தில் இரண்டு வைத்தியம். நிறுவும் நிரல் தொடங்கும்போது எஃப்6 விசையை அழுத்தினால் புதிய டிரைவரைக் கேட்கும்; அதை ஃபிளாப்பியில்தான் கொடுக்க வேண்டும். பென்டிரைவ், சிடி என்று எதைக் காட்டினாலும் எக்ஸ்பி ஏற்காது. ஃபிளாப்பி டிரைவ் இல்லாத கணினிகள் வந்த பிறகும் எக்ஸ்பி ஃபிளாப்பியைக் கேட்டு அடம்பிடித்ததில் பழுதுபார்க்கிறவர்கள் பட்ட பாட்டைத் தனிப் புத்தகமாகவே எழுதலாம். இரண்டாவது வழி சுலபமானது. பயாஸுக்குள் போய், 'வட்டோடு ஏஹெச்சிஐ முறையில் பேசாதே, பழைய ஐடிஇ முறையில் பேசு' என்று மாற்றிவைப்பது. நண்பர் அதைத்தான் செய்தார். நீலம் போய்விட்டது. நிறுவும் நிரல் வட்டைக் கண்டுகொண்டது. லாரிக்காரர்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டு எட்டிப்பார்த்தார்கள்.

இந்த இடத்திலேயே எங்கள் மூவரில் ஒருவருக்காவது ஒரு விஷயம் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அடுத்து வந்தது அளவுச் சிக்கல். 500 ஜிபி வட்டை நிறுவும் நிரல் ஏறக்குறைய 128 என்று காட்டியது. தம்பி, "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றான். கடைக்காரர் ஏமாற்றவில்லை. எங்கள் கையில் இருந்தது இந்தக் கணினிக்கும் முந்தைய ஒன்றோடு வந்த, 2001ஆம் வருடத்து முதல் பதிப்பு சிடி. வட்டு முழுவதும் 512 பைட் அளவுள்ள சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் இருக்கும். அந்த எண்ணை எழுத அன்று ஒதுக்கிய இடம் 28 பிட். இரண்டை 28 முறை பெருக்கினால் 26 கோடியே 84 லட்சத்துச் சொச்சம். அதை 512ஆல் பெருக்கினால் 13,743 கோடி பைட், அதாவது 137 ஜிபி. 1024இன் மடங்குகளில் எண்ணினால் அதுவே 128. அதற்குமேல் உலகம் இருப்பதாக அந்த முகவரிக்குத் தெரியாது. 48 பிட் முகவரியை எக்ஸ்பிக்குக் கற்றுக்கொடுத்தது 2002 செப்டம்பரில் வந்த சர்வீஸ் பேக் 1.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வீட்டு எண் எழுத மூன்று கட்டம் மட்டும் இருக்கிற படிவத்தில் 1005ஆம் வீட்டுக்குக் கடிதம் போட்டால், ஆயிரம் உதிர்ந்து அது 005ஆம் வீட்டுக்குப் போய்ச் சேரும். வேறொரு கணினியில் 500 ஜிபி முழுவதையும் பிரித்து நிரப்பிய வட்டை இந்தப் பழைய எக்ஸ்பியில் மாட்டினால், கடைசிப் பகுதியில் எழுதப்போவதாக நினைத்துக்கொண்டு அது முதற்பகுதியின்மேல் எழுதிவிடலாம். எடைமேடைக்கு 128 ஜிபியே கடல் என்பதால் நாங்கள் அதோடு விட்டுவிட்டோம்.

கோப்புகள் நகலாகத் தொடங்கின. நாற்பது விழுக்காட்டில் நின்று, 'இந்தக் கோப்பை நகலெடுக்க முடியவில்லை' என்றது. மறுபடி முயன்றதும் அது நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வேறொரு கோப்பில் நின்றது. தம்பி சிடியை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்தான். நண்பர் கேட்டார்: "அதே ஃபைலா, வேற ஃபைலா?"

இந்தக் கேள்வியில் ஒரு முழுத் தர்க்கம் இருக்கிறது. சிடியில் கீறல் என்றால் அது இருக்கிற இடத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே கோப்பில் முட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பில் முட்டினால் குற்றவாளி சிடி இல்லை. பார்க்கப்போனால் சிடி மிகவும் பொறுமையான சாதனம். ரீட்-சாலமன் என்ற கணித முறைப்படி அதில் தகவல் திருத்தக் குறிப்புகளோடு கலைத்துப்போட்டு எழுதப்பட்டிருக்கும். ஏறக்குறைய 4,000 பிட்கள், அதாவது தடத்தின் போக்கில் இரண்டரை மில்லிமீட்டர், தொடர்ச்சியாக அழிந்துபோனாலும் மிச்சத்தை வைத்து அதைக் கணக்கிட்டு மீட்டுவிட முடியும். அந்தப் பொறுமை நினைவகமான ராமுக்கு இல்லை. எக்ஸ்பி சிடியில் கோப்புகள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன; அவற்றை ராமில் வைத்து விரித்துத்தான் வட்டில் எழுத வேண்டும். சுருக்கிய கோப்பில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் விரித்தது தப்பாகும். சரிபார்ப்புத் தொகை ஒத்துவராது. 'நகலெடுக்க முடியவில்லை' என்று செய்தி வரும். கயிறு அசைந்தது சிடி பக்கம். சுறா இருந்தது ராமில்.

நண்பர் ராமைக் கழற்றினார். அதன் அடியில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பட்டைகளில் மங்கலான திட்டுகள். ஒன்றிரண்டில் லேசான பச்சை. சட்டைப்பையிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்தார். இந்த ஊரில் கணினி பழுதுபார்க்கிறவர் ஸ்குரூ டிரைவரை மறந்துவிட்டு வந்தாலும் வருவார், ரப்பரை மறக்கமாட்டார்.

கடலில் அலை உடையும்போது குமிழிகள் வெடித்து நுண்ணிய உப்புத் துளிகளைக் காற்றில் எறிகின்றன. உப்பளத்து ஓரம் என்றால் அதோடு காய்ந்த உப்புத் தூசியும் சேரும். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில். இந்தத் தூசியைக் கணினியின் விசிறி நாள் முழுவதும் உள்ளே இழுக்கிறது. உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, பெரிதாகக் கெடுதலும் செய்யாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். தூத்துக்குடியில் ராத்திரியும் விடிகாலையும் அந்த 75ஐத் தாண்டுவது அபூர்வமில்லை. பகலில் காய்ந்து, ராத்திரி நனைந்து, மறுநாள் காய்ந்து, அந்தப் பட்டைகளின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்பளம் தினமும் நடந்துகொண்டிருக்கிறது.

தங்கம் துருப்பிடிக்காதே என்பீர்கள். தங்கம் பிடிக்காதுதான். ஆனால் ராமில் இருக்கும் தங்கப் பூச்சின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அத்தனை மெல்லிய பூச்சில் நுண்துளைகள் இருக்கும். அவற்றின் வழியே உப்பு நீர் அடியிலிருக்கும் நிக்கலையும் செம்பையும் தொடும். அங்கே உண்டாகும் அரிமானம் துளை வழியாக மேலேறித் தங்கத்தின்மேல் படரும். அதுதான் அந்தப் பச்சை. அது மின்சாரத்துக்குத் தடை. இத்தனை நாள் அசையாமல் இருந்த இடத்தில் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி மாற்றவும் வட்டு மாற்றவும் பெட்டியைத் திறந்து அசைத்ததில் தொடுகை கெட்டுப்போனது.

ரப்பரால் தேய்ப்பது வேலைசெய்யும். ஆனால் ரப்பர் அரிமானத்தோடு தங்கத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும் என்பதை மறக்கக் கூடாது. பத்து முறை அழுத்தித் தேய்த்த ராமில் துளைகள் இன்னும் கூடும். மெதுவாக ஒரே திசையில் நாலு தேய்ப்பு. அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி. அதற்குப் பிறகும் நம்பிக்கை இல்லையென்றால், நினைவகத்தைச் சோதிப்பதற்கென்றே இருக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடலாம். லாரிகள் நிற்கும்போது அதற்கு ஏது நேரம்? ரப்பர் போதுமாக இருந்தது. நகலெடுப்பு முடிந்தது.

விண்டோஸ் தன்னைத் தானே அமைத்துக்கொள்ள அரைமணிக்கும் மேல் ஆகும். அந்த இடைவெளியில், டீ குடித்துக்கொண்டே, நண்பர் தன் பழைய வழக்குகளைச் சொன்னார். எல்லாவற்றிலும் ஒரே ஒற்றுமை: இயங்குதளம் தான் பிறந்த வருடத்துக் கணினியைப் பார்த்து எழுதப்பட்ட கடிதம். கடிதத்தில் சொன்ன கணினி இல்லாமல் அதைவிட மேலான ஒன்று எதிரே வந்து நின்றாலும் அது தடுமாறிவிடும்.

விண்டோஸ் 98 போட்ட கணினியில் 512 எம்பிக்கு மேல் ராம் மாட்டினால், 'நினைவகம் போதவில்லை' என்று சொல்லும். அதிகமாக இருப்பதால் போதவில்லை! வட்டில் படித்ததைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் ஒரு பகுதி, இருக்கிற ராமின் அளவைப் பார்த்துத் தனக்கான முகவரிகளை முன்கூட்டியே வளைத்துப் போட்டுக்கொள்ளும். ராம் பெரிதாக இருந்தால் அது வளைப்பதும் பெரிது. மற்ற வேலைகளுக்கு முகவரியே மிஞ்சாது. வீட்டைப் பார்த்து மிரண்ட விருந்தாளி எல்லா அறையிலும் துண்டு போட்டுவைத்த கதை. அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்து அதற்கு உச்சவரம்பு போட்டால் சரியாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேகத்தால் விழுந்த வழக்கு. சில வன்பொருள்களிடம் பேசும்போது நுண்ணிய இடைவெளி விட வேண்டும். எவ்வளவு என்று அளக்க, பழைய விண்டோஸின் நெட்வொர்க் பகுதி தொடங்கும்போதே ஒரு வெற்றுச் சுற்றைப் பத்து லட்சம் தடவைக்கு மேல் ஓடவிட்டு, எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று பார்த்து, அந்த எண்ணால் வகுக்கும். 1990களில் அது நல்ல உத்தி. சில்லுகள் 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியபோது அந்தப் பத்து லட்சமும் ஒரு மில்லிநொடிக்குள் முடிந்துவிட்டன. ஒன்றுக்குக் குறைந்தால் கணக்கில் சுழி. சுழியால் வகுத்தால்? கணினி அங்கேயே நின்றுவிடும். அதற்குச் சில வருடம் முன்பே, விண்டோஸ் 95 இதே மாதிரியான காரணத்தால் ஏஎம்டியின் கே6-2 சில்லில், 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் போன வகைகளில், தடுக்கி விழுந்திருக்கிறது. வாடிக்கையாளர்கள் சில்லைக் குறை சொன்னார்கள். சில்லின் குற்றம் வேகமாக ஓடியது மட்டுமே.

டீ முடிந்தபோது எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி திரையில் விரிந்திருந்தது. எடைமேடை மென்பொருளைப் போட்டோம். எடைக் கருவியின் எண்கள் முதலில் குப்பையாக வந்தன. சீரியல் போர்ட்டின் வேகத்தைக் கருவியின் வேகத்துக்கு ஒத்துவைத்ததும் சரியாயிற்று. ரசீதின் தலைப்பு மட்டும் தமிழில் வராமல், கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக அச்சானது. லாரி உரிமையாளர்களின் பெயர்ப் பட்டியலோ வெறும் கட்டங்களாக நின்றது.

இரண்டும் வெவ்வேறு நோய். ரசீதின் தலைப்பு யூனிகோடுக்கு முந்தைய 8 பிட் எழுத்துருவில் இருந்தது. அந்த முறையில் கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில வகையைச் சேர்ந்த எழுத்துதான். அந்த எண்ணுக்கு 'க' என்று படம் வரைந்து காட்டுவது எழுத்துரு மட்டுமே. எழுத்துருக் கோப்பு போனால் வேடம் கலைந்துவிடும். பட்டியல் யூனிகோடில் இருந்தது. எக்ஸ்பியில் தமிழ் உண்டு, லதா என்ற எழுத்துருவும் உண்டு. ஆனால் ஆங்கில எக்ஸ்பியை நிறுவும்போது அவை தாமாக வந்துவிடாது. மொழி அமைப்புக்குள் போய், 'சிக்கலான எழுத்துமுறை'களுக்கான கோப்புகளைத் தனியே கேட்டு, மறுபடி சிடியைப் போட வேண்டும். சிக்கல் என்று அவர்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 'கொ' என்பதைக் கணினி 'க'வும் அதன் பின் ஓர் உயிர்க்குறியுமாகச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அந்த ஒரு குறியை இரண்டாகப் பிளந்து, ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னும் காலைப் பின்னும் நிறுத்த வேண்டும். அதற்கென்று தனி இயந்திரம் ஒன்று உள்ளே ஓட வேண்டும். அடுத்து வந்த விஸ்டாவில்தான் இது கேட்காமலே கிடைத்தது. தமிழ் பேசும் ஊரில் எத்தனை அலுவலகங்களில், 'இந்தக் கம்ப்யூட்டர்ல தமிழ் வராது' என்று ஒரு டிக் அடிக்காத பெட்டியின் காரணமாகவே சொல்லிக்கொண்டு இருந்திருப்பார்கள்!

"நெட் கேபிளை மாட்டட்டுமா?" என்றான் தம்பி. நண்பர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு கிளம்பியபோது, புதிதாக எக்ஸ்பி போட்டு, திருத்தங்களைத் தரவிறக்க இணையத்தில் இணைத்த கணினிகள், அந்தத் திருத்தம் வந்து சேர்வதற்குள் தொற்றிக்கொண்டன. அறுபது நொடிக் கணக்கு ஓடி, தானாக அணைந்து, மறுபடி துவங்கி, மறுபடி அறுபது நொடி. பலர் அதை நிறுவல் கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப விண்டோஸ் போட்டார்கள். அப்போது எக்ஸ்பியில் காப்புச்சுவர் இருந்தும் அது அணைத்தே வைக்கப்பட்டிருந்தது; 2004இன் சர்வீஸ் பேக் 2தான் அதை இயக்கிவைத்தது.

துறைமுகத்துக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய கதை தெரியும். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீநிரல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை ஒரே நாளில் முடக்கியது. மும்பைக்கு அருகிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்திலும் வேலை நின்றது. பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினோம் என்று அந்நிறுவனத்தின் தலைவர் ஜிம் ஹாகெமான் ஸ்னாபே அடுத்த ஜனவரியில் தாவோஸ் மாநாட்டில் சொன்னார். எங்களுக்கு ஒரு கணினிக்கே ஒரு பகல் ஆயிற்று.

எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் கைவிட்ட 2014இல் தமிழக அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்துச் சென்னையில் சி-டாக் உருவாக்கியது அது. மாணவர்களுக்கு அரசு தந்த மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு அதுவும் இருந்தது. அந்தக் கணினிகள் இந்த ஊர்க் கடைகளுக்கு வந்ததும் நண்பர் சொன்ன வழக்குகளில் ஒன்று. பையன் விண்டோஸை மறுபடி போட்டிருப்பான். விண்டோஸ் போகிற போக்கில் வட்டின் முதல் கட்டத்தில் தன் துவக்க நிரலை எழுதிவிடும். அந்தக் கட்டம் 512 பைட். அதில் 446 பைட் துவக்க நிரலுக்கு, 64 பைட் பிரிவினைகளின் பட்டியலுக்கு, 2 பைட் கையொப்பத்துக்கு. விண்டோஸ் மாற்றியது அந்த 446ஐ. இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியல் காணாமல் போய்விடும். "அண்ணே, லினக்ஸ் அழிஞ்சிருச்சு" என்று பையன் வந்து நிற்பான். லினக்ஸ் வட்டில் அப்படியே இருக்கும். அதற்குப் போகும் வாசல்தான் அடைபட்டிருக்கும். லினக்ஸ் சிடியிலிருந்து துவக்கி அந்த வாசலை மறுபடி எழுதினால் ஐந்து நிமிட வேலை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே நண்பர் பேச்சை நிறுத்தினார். ஓரத்தில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த பழைய வட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

பொத்தான் பேட்டரி கடிகாரத்தை மட்டும் ஓட்டுவதில்லை. பயாஸில் நாம் செய்துவைத்த மாற்றங்களையும் அதுதான் காக்கிறது. பேட்டரி தீர்ந்ததும் தேதி 2010க்குப் போனது. பெட்டியைத் திறந்து அதைக் கழற்றியபோது மிச்சமிருந்ததும் அழிந்து, எல்லா அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பின. அந்த மதர்போர்டின் தொழிற்சாலை நிலை ஏஹெச்சிஐ. பல வருடம் முன்பு எக்ஸ்பி போட்டுக்கொடுத்த யாரோ ஒருவர் ஐடிஇக்கு மாற்றிவைத்திருக்கிறார், எங்கேயும் எழுதிவைக்கவில்லை. வாட்ச் கடைப் பேட்டரியால் கடலின் மொழி மாறிவிட்டது. கேப்டன் பழைய கேப்டன்தான், நல்ல உடல்நலத்தோடு இருந்தார்.

புது வட்டைக் கழற்றி, பழையதை மாட்டி, மின்சாரம் கொடுத்தோம். எக்ஸ்பி வந்தது. எடைமேடை மென்பொருள் வந்தது. தமிழ் வந்தது. கடைசி ரசீது வரை எல்லாக் கணக்கும் இருந்தது. காலையில் முதல் நீலத்திரை வந்தபோதே பயாஸில் ஒரு வரியை மாற்றியிருந்தால் இரண்டு நிமிடம். லாரிகள் எஞ்சினை அணைத்திருக்கவே வேண்டாம். தம்பி ஒன்றும் சொல்லாமல் ரப்பரை எடுத்து நண்பரின் சட்டைப்பையில் வைத்தான்.

வாங்கிய புது வட்டு வீணாகவில்லை. பழைய வட்டின் முழுப் படியை அதில் எடுத்து, கசிவு புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு, எடைமேடைக்காரரின் பீரோவில் வைத்தோம். பயாஸ் அமைப்புத் திரைகள் ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்து, அச்சடித்து, பெட்டியின் உட்பக்கம் ஒட்டியாயிற்று. உங்கள் அலுவலகத்திலோ கிட்டங்கியிலோ இப்படி ஒரு பழைய பெட்டி ஓடிக்கொண்டிருந்தால், அது நன்றாக ஓடும் இந்த வாரத்திலேயே இந்த இரண்டையும் செய்துவிடுங்கள். படம் எடுத்து முடிக்கும்வரை பேட்டரியைத் தொடாதீர்கள்.